முடிக்கரைக்கு வழி சொன்ன பையன்

சோழ நாட்டை விட்டுப் புறப்பட்ட கம்பர், தள்ளாத வயதில் பாண்டி நாட்டுச் செம்மண்ணில் நடந்து வருகிறார். முடிக்கரை என்ற ஊருக்குப் போக வேண்டும். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்கிறார். கரையின் அடியைப் பிடித்துக்கொண்டே போனால் முடிக்கரை வந்துவிடும் என்று, அடியும் முடியும் இசைய அவன் பதில் சொல்கிறான். மாடு மேய்க்கிற பிள்ளை வாயிலேயே இப்படித் தமிழ் வருகிறதே என்று மயங்கிப்போன கவிஞர், நாட்டரசன்கோட்டையிலேயே தங்கி அங்கேயே கண்ணை மூடினார் என்பது ஊர்க் கதை.

சிவகங்கையிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊரில் கம்பர் சமாதி என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம், பங்குனி மாதக் கம்பன் விழாவின் நிறைவு நாளான அத்தத்தை இங்கே கொண்டாடும் வழக்கத்தை ஏற்படுத்தியது. பச்சைக் குழந்தையின் நாக்கில் சமாதி மண்ணைத் துளி வைத்தால் பிள்ளைக்குத் தமிழ் வரும் என்று நம்பி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. பிறந்த குழந்தைக்கு ஊர் மண்ணை ருசி காட்டுகிற வேறு ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

அந்தக் கதையைத் தமிழின் பெருமைக்காகச் சொல்வது வழக்கம். சொல்கிறவர்கள் ஒரு சங்கதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பையனுக்குக் கண்மாய்க் கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? குழந்தைகளை இயற்கையோடு எப்படி இணைப்பது என்று உலகமெங்கும் ஆராய்ச்சி நடக்கிற காலத்தில், சிவகங்கைச் சீமையில் அது எப்படி நடந்தது, யாருக்கு நடந்தது, யாரை விட்டுவிட்டு நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

முதலில் நிலம். வைகை எட்டிய மட்டும் வைகை. எட்டாத இடமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில வார மழையை ஆண்டு முழுவதும் வைத்துச் சாப்பிட இந்தப் பகுதி கண்டுபிடித்த உபாயங்கள் இரண்டு: வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. தமிழ்நாட்டில் கணக்கில் உள்ள சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் சிவகங்கையையும் உள்ளடக்கிய பழைய ராமநாதபுரம் சீமையின் பங்கு பெரிது. வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும், நிறைந்தால் கலுங்கில் தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும், மடை வழியே வயலுக்கு இறங்கும். மடையைத் திறந்து மூடி, வயல்வாரியாகத் தண்ணீர் பகிர்வதற்கு நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள். ஒரு கண்மாய் நிறைந்த சேதி அடுத்த கண்மாய்க்காரனுக்குத் தண்ணீராகவே போய்ச் சேரும்.

வணிகக் குடிகளான நகரத்தாரின் செட்டிநாட்டு ஊர்களில் இந்தக் கணக்கு வீட்டுக் கூரையிலிருந்தே தொடங்கியது. ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை முற்றத்தில் விழும். முற்றத்திலிருந்து வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் குளத்துக்கும் போகும். முற்றத்தில் நனைந்துகொண்டே காகிதக் கப்பல் விடுகிற பிள்ளை, கப்பல் எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது என்று பார்க்காமல் இருக்காது. செம்புறாங்கல் படிக்கட்டு வைத்த ஊருணிக்குச் சட்டமும் உண்டு: குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. குடிதண்ணீர் எடுக்க வந்த பாட்டி, படியில் காலை நனைத்த பேரனை அதட்டியதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பெற்ற முதல் நீரியல் பாடம்.

மாடு மேய்த்த பையன்கள் படித்தது வேறு வகுப்பு. எந்தப் பூண்டை மாடு தின்னாது, எந்த மேட்டில் கார்த்திகைக்குப் பிறகும் புல் நிற்கும், காரைப்பழமும் சூரைப்பழமும் எந்தப் புதரில் எப்போது பழுக்கும், பாம்பு எந்தப் பொந்தில் குடியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்ப்பதும், பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும், பனங்காய் வண்டி ஓட்டுவதும் அவர்களுடைய கைத்தொழில் பாடங்கள். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா வரும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கைக்குக் கிடைத்ததோடு சுற்றுப்பட்டு ஊர்களே இறங்கும். கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும், விரால் எந்தச் சேற்றில் பதுங்கும் என்று பிள்ளைகள் கையால் தெரிந்துகொள்வது அன்றைக்குத்தான். பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பார்கள். சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் இந்தத் திருவிழா இன்றும் நடக்கிறது.

அய்யனார் கோவில் புரவி எடுப்புத் திருவிழாவும் அப்படி ஒரு பாடம்தான். அய்யனாருக்குக் குதிரை செய்ய ஊரார், மண்பாண்டம் வனையும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். கைப்பிடி மண் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. அந்த மண் சூளையில் வெந்து, குதிரையாகவும், பிள்ளை வரம் கேட்டவர்களுக்காக மதலைப் பதுமையாகவும் திரும்பி வந்து, ஊர்வலமாகப் போய் அய்யனார் கோவில் மரத்தடியில் நிற்கும். அந்தக் கோவில் காட்டில் விறகு ஒடிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் அய்யனாரைப் பார்த்தால் போதும். அச்சத்தால் கற்ற பாடத்தை இன்றைய கல்வியியலாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் பழைய மரக்கூட்டங்களில் பல கோவில் காடுகள் என்பதையும் மறுக்க முடியாது.

இதுவரை சொன்னதைப் படித்து, அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று யாராவது பெருமூச்சு விட்டால், அவர்கள் ஜே. எச். ஹட்டன் எழுதி வைத்ததையும் படிக்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் அவர். நாட்டரசன்கோட்டையும் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. அந்த ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளையும், 1931 ஜூனில் பதினொரு தடைகளையும் விதித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் நகை அணியக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கென்றே இரண்டு தடைகள் உண்டு. அவர்கள் எழுதப் படிக்கக் கூடாது என்பது ஒன்று. மிராசுதார்களின் மாடுகளை மேய்ப்பது மட்டுமே அவர்கள் வேலை என்பது மற்றொன்று.

மேய்ச்சல் காட்டு ஞானத்தின் மறுபக்கம் அதுதான். கம்பருக்கு வழி சொன்ன பையனின் அறிவை ஊர் மெச்சியது. அதே மேய்ச்சல் காட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக நினைத்த பையனை அடித்து விரட்டியது. ஊருணிப் படியில் கால் நனைத்ததற்குப் பேரனை அதட்டிய பாட்டி, வேறு சில பிள்ளைகளை அந்தப் படிக்கே வரவிடவில்லை. பொதுக் குளமும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று சென்னை மாகாணம் சட்டம் செய்ததே 1938-இல்தான். இந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்றுக் கொடுத்தவை வேலையும் தடையும். ரசனையும் வியப்பும் இருந்தன. அவை வேலைக்கு நடுவே கிடைத்த இடைவேளைகள்.

பணக்கார வீட்டுப் பையன்களுக்கும் அந்த இடைவேளை நீளவில்லை. நகரத்தார் பையன்கள் கணக்கு ஓரளவு வந்ததும் கப்பலேறி, ரங்கூனிலோ பினாங்கிலோ லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையன்களாக உட்கார்ந்தார்கள். ஊரில் அவர்கள் வளர்ந்த வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. கடல் கடந்து வந்த மரத்தைக் கட்டிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அவர்கள் கணக்குக் கற்ற திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உலகச் சரித்திரம் இருக்கிறது. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள்; கை திருந்திய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். ஓலையை வாருவதும் பதப்படுத்துவதும், எழுத்துத் தெரிய மை தடவுவதும் படிப்பில் சேர்த்தி. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. தமிழ்நாட்டுத் தெரு மணல் ஐரோப்பியப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிய கதை அது. பின்னால் அங்கிருந்து பலகையும் புத்தகமும் மணியடிக்கும் நேரமுமாகப் பள்ளிக்கூடம் இங்கே திரும்பி வந்தபோது மணலைக் காணோம்.

பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி மண்ணைக் கொண்டுவரும் முயற்சிகள் தமிழ்நாட்டில் நடந்தன. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகப் படிப்பு என்றது. மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் அந்த வழியில் நடந்தது. அதே காலத்தில் இன்னொரு பரிசோதனை மலையில் நடந்தது. 1939-இல் அடையாறு வந்து சேர்ந்த மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போரில் மாட்டிக்கொண்டு ஊர் திரும்ப முடியாமல் போனார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது, மகன் மரியோவோடு சேர்ந்து குழந்தைகளைச் செடிக்கும் பூச்சிக்கும் நீர்நிலைக்கும் முன்னால் நிறுத்திப் பாடம் வகுத்தார். பிரபஞ்சக் கல்வி என்று இன்று உலகமெங்கும் மாண்டிசோரி பள்ளிகளில் பேசப்படுவது பெரும்பாலும் அந்த மலையில் உருவானதுதான். செட்டிநாட்டுக்கும் அந்தக் காற்று வந்தது. அழகப்ப செட்டியார் காரைக்குடியில் எழுப்பிய கல்வி நிறுவனங்களின் வரிசையில் மாண்டிசோரி பெயர் தாங்கிய பள்ளி ஒன்றும் உண்டு.

செட்டிநாடு குழந்தைகளுக்குக் கொடுத்த பெரிய கொடை அச்சில்தான் வந்தது. ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா 1944-இல் ‘மலரும் உள்ளம்’ தொகுப்பை வெளியிட்டார்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். ‘அணில்’, ‘பாலர் மலர்’, ‘டமாரம்’ என்று குழந்தைப் பத்திரிகைகள் பூத்துக் குலுங்கிய காலம் அது. அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் செட்டிநாட்டையும் புதுக்கோட்டையையும் சேர்ந்தவர்கள். வள்ளியப்பாவின் பாட்டில் மாம்பழமும் அணிலும் காக்கையும் குழந்தையின் சேக்காளிகளாக வந்தன. அதைப் பாடிய தலைமுறையில் பெரும்பான்மைக்கு அந்த அணில் கொல்லைப்புறத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு, பார்த்ததற்குப் பெயர் வைத்தது. இப்போது அடுக்குமாடி வீட்டுக் குழந்தைக்குப் பாட்டுத்தான் முதலில் வருகிறது.

சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில் பாடம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு பேச்சைத் தொடங்கியது, 1977 திபிலிசி மாநாடு வரையறை தந்தது. இந்தியாவில் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. மாநிலங்கள் அசைந்து கொடுக்காததால் 2003 டிசம்பரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 2001-02-இல் தேசிய பசுமைப் படை வந்து, பள்ளிதோறும் சூழல் மன்றங்கள் அமைந்தன. சிவகங்கைப் பள்ளிகளிலும் மரம் நட்டார்கள், ஓவியப் போட்டி வைத்தார்கள், பேரணி போனார்கள். குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீதிமன்றம் சொல்லிப் பாடம் நடத்த வேண்டிய நிலை வந்ததென்றால், அதுவரை நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் வேலையை விட்டுவிட்டார் என்று பொருள்.

ஆராய்ச்சியாளர்கள் அந்த வாத்தியாரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இயற்கையைக் காக்கும் வேலையில் இறங்கியவர்களிடம் உங்களை இந்தப் பக்கம் திருப்பியது எது என்று 1980-இல் அமெரிக்காவில் தாமஸ் டேனர் கேட்டார். பிறகு லூயிஸ் சாவ்லா கென்டக்கியிலும் நார்வேயிலும் கேட்டார். திரும்பத் திரும்ப வந்த பதில்கள் இரண்டு: சிறுவயதில் வெளியில் திரிந்த நேரம், கூட இருந்து காட்டிய ஒரு பெரியவர். 2002-இல் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் கூட்டாளிகளும் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் பொம்மை விலங்குகளில் பத்துக்கு எட்டை அடையாளம் சொன்னார்கள். தங்கள் ஊர் விலங்கு, செடிகளில் ஏறத்தாழப் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பெயர் கற்கும் திறமை குழந்தைகளிடம் குறையவில்லை, எதன் பெயரைக் கற்பது என்பதுதான் மாறிவிட்டது.

நாட்டரசன்கோட்டைப் பக்கம் இதே சோதனையை நடத்தினால் ஒரு மரத்தின் பெயரை எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்: சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, விடுதலைக்குப் பிறகு விறகுப் பஞ்சம் தீர்க்க இந்த வறண்ட சீமையில் தூவப்பட்டது. விறகு கிடைத்தது, கரி மூட்டம் ஏழைகளுக்குப் பிழைப்பும் தந்தது. அதற்குக் கொடுத்த விலை கண்மாய் உள்வாயும் வரத்துக்காலும். 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை வெட்டி எடுக்க உத்தரவிட்டபோது, இந்த மரம் இல்லாத கண்மாயை ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகள் சட்டப்படி வாக்காளர்கள் ஆகியிருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தபோது பார்த்ததையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது என ஆய்வாளர்கள் எச்சரிப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டாம்.

பழைய வாத்தியார் வேலையை விடாத இடமும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்களுக்கு மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வக்காவும் கூடு கட்ட வந்து சேரும். 1977-இல் அரசு இவற்றைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, பரப்பு 38.4 ஹெக்டேர்தான். தீபாவளியும் பறவைகளும் ஒரே பருவத்தில் வருவதால் கண்மாயை ஒட்டிய ஊர்களில் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், கோவில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. பல பத்தாண்டுகளாக நடக்கும் இந்தக் கட்டுப்பாட்டை மெச்சி, தீபாவளிக்கு வனத்துறை ஊராருக்கு இனிப்பு கொடுக்கிறது. வேடந்தாங்கல் ஊரார் 1790-களில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுத் தங்கள் பறவைகளுக்குக் காவல் வாங்கியதன் வழியில் வருகிற செய்கை இது. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு எரு என்ற கணக்கும் இதில் உண்டு; கணக்கு இருப்பதால் கட்டுப்பாடு தாழ்ந்துவிடாது.

இதில் நிஜமான விலை கொடுப்பது பிள்ளைகள்தான். பெரியவர்களுக்குத் தீபாவளி பலகாரத்திலும் வேட்டியிலும் முடிந்துவிடும். பக்கத்து ஊரில் சரவெடி கேட்கும்போது தன் ஊரில் ஒரு ஓலைவெடிகூட வெடிக்காமல் இருப்பது ஏழு வயதுப் பையனுக்குச் சாதாரணக் காரியமில்லை. ஊருணியில் கால் வைக்காதே, வெள்ளை வீசும் வரை தண்ணீரில் இறங்காதே என்று இந்தச் சீமை சொல்லி வந்த தடைகளின் வம்சத்தில் இது ஒன்று. முந்தைய தடைகள் சிலவற்றைப் போல யாரையும் ஒதுக்கி வைக்காமல், ஊருக்கு ஊராக எல்லாரையும் ஒரே மாதிரி கட்டுகிறது என்பது இதற்குக் கூடுதல் மதிப்பு.

நாட்டரசன்கோட்டைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் அதிகமாக வருவது தை மாதத்தில். பொங்கல் முடிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தாள் கோவில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாக அடுப்பு மூட்டிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கின்றன. சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேர்கின்றன. மண்பானை, விறகடுப்பு, புகை எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. நான்கு நாட்களில் எந்த நாளிலும், இருந்த இடத்திலேயே கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. கண்மாய்கள் நிறைந்திருக்கும் மாதம், வலசைப் பறவைகள் வந்திறங்கியிருக்கும் மாதம். பொங்கலுக்கே வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் எடுத்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைக்கும். பறவையின் பெயர் சொல்ல, கரை வழியே மாடு ஓட்டிப் போகிற யாராவது ஒருவர் இன்னும் அகப்படுவார்.